பிளஸ் ஒன் இயற்பியலை விழுங்காதீர்கள்

உங்களில் பலருக்கு இப்போது பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இருக்கிறது. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

பல பள்ளிகளில் ஒரு காலத்தில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. எடுத்தது சரி. தொடர்ந்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு என்றால் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும். ஆனால் "அதான் பரீட்சை இல்லையே" என்று பாடத்தையே விழுங்கினால்?

சின்ன வகுப்பு வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் போட்ட அஸ்திவாரத்தின் மேல் சுவர் எழும்புவது அங்கேதானே!

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். பஸ் ஒரு மணி நேரத்தில் போனால் சராசரி வேகம் 40. இவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுத்தது. ஆனால் வண்டி வழி முழுக்க 40-லேயே ஓடுவதில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஊர்கிறது, கூட்டேரிப்பட்டு தாண்டினால் பறக்கிறது. இந்த நொடியில் அதன் வேகம் என்ன? அந்தக் கேள்விக்கு நுண்கணிதம் வேண்டும். அது பிளஸ் ஒன்னில்தான் வருகிறது.

பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக் 10 மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். 72-ல் போனால்? 20 மீட்டர் என்பான் பையன். அதே பிரேக், அதே ரோடு என்றால் 40 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. 18 வயசில் நான்குவழிச் சாலையில் பைக் எடுக்கப்போகிறவனுக்கு இது மார்க்குக்கான பாடமா?

சரி, மார்க்கையே பார்ப்போம். பிளஸ் டூவில் காந்தப்புலத்துக்குள் போகிற எலக்ட்ரான் வட்டமாகச் சுற்றும். மையநோக்கு விசை தெரியாத பிள்ளை அதை மனப்பாடம்தான் செய்யும். நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடம் உண்டு. அப்போது மட்டும் கோச்சிங்குக்குக் கடன் வாங்கி ஓடுகிறோம். பள்ளியில் ஒரு வருஷம் சும்மா கிடைத்த பாடம் அது!

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இயக்க விதிகள் பாடம் எந்த மாதம் முடிந்தது, பிள்ளைகள் எத்தனை கணக்கு தாங்களாகப் போட்டார்கள், ஆய்வகத்தில் தனி ஊசலை ஒருமுறையாவது ஆட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பதில் என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.