மருத்துவமனை மருந்துக் குழுவின் பணியை எவ்வாறு அளவிடுவது?

குத்தம்பாக்கத்திலிருந்து திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் நோயாளி, மருந்துச் சீட்டுடன் மருந்தகத்தில் நிற்கிறார். அம்மருந்து இருப்பில் உள்ளதா? அது அவருக்குத் தேவையானதுதானா? இவ்விரு கேள்விகளுக்கும் பொறுப்பேற்பதே மருந்து மற்றும் சிகிச்சைக் குழுவின் பணியாகும்.

1994-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரப் பரிசோதனைக்குப் பின் மாவட்டக் கிடங்குகள் வழியாக வழங்குகிறது. பாஸ்புக்கில் ஒதுக்கப்பட்ட தொகைக்குள் மருத்துவமனைகள் மருந்து பெறுகின்றன. ஆகவே, தேவையற்ற மருந்துக்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் மற்றொரு நோயாளியின் பங்கிலிருந்தே கழிகிறது.

குழு எத்தனை முறை கூடியது என்று எண்ணுவது எளிது. அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வெளியிட்ட அளவுகோல்கள் மருந்துச் சீட்டையே ஆராய்கின்றன:

- ஒரு சீட்டில் சராசரியாக எத்தனை மருந்துகள்?
- எத்தனை சீட்டுகளில் ஆன்டிபயாட்டிக் அல்லது ஊசி?
- எத்தனை மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலைச் சேர்ந்தவை?

இருப்பின்மையால் மருந்துகளின் எண்ணிக்கை குறைந்தால் அது சாதனையன்று. எனவே, இன்றியமையாத மருந்துகள் இல்லாதிருந்த நாட்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை: ஊசிக்காக மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கென்று கேட்டறியுங்கள். மருந்து கிடைக்காவிடில், தாமாகவே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஆலோசனைக்கு 104 எண்ணை அழையுங்கள்.