கம்போளத்தை யாரும் காட்டுவதில்லை

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் சுசீந்திரத்துக்கும் கூட்டிப்போகிறோம். உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறையைக் காட்டி, 1741-இல் குளச்சலில் தோற்ற டச்சுத் தளபதி மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த கதையைச் சொல்கிறோம். கோட்டாற்றுச் சந்தையான கம்போளத்தை மட்டும் யாரும் காட்டுவதில்லை. சாக்கு மூட்டையும் நெரிசலும்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள்.

என் அப்பா அங்கே ஒரு பலசரக்கு மண்டியில் கணக்கெழுதியவர். வத்தல் நெடியும் கருப்பட்டி வாசமும் கலந்த சட்டையோடுதான் வீட்டுக்குள் நுழைவார். அதனால் எனக்குப் பட்சபாதம் உண்டு.

ஆனால் கோட்டாற்றின் வயதுக்கு என் சிபாரிசு தேவையில்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே தாலமி இதைப் பெருநகரமாகக் குறித்திருக்கிறார். சோழர் காலத்தில் மும்முடிச்சோழநல்லூர். முதல் குலோத்துங்கன் இங்கே நிலைப்படை நிறுத்தினான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாண்டிநாட்டிலிருந்து மேற்கே வரும் பாதையில் உட்கார்ந்திருக்கும் ஊர். ராஜாக்களுக்கு இந்த ஊர்மேல் வந்த ஆசைக்கு அது போதாதா?

சந்தையால் பேர்பெற்ற இன்னொரு ஊரைப் பாருங்கள்: பெல்ஜியத்தில் புரூஜ். இடைக்காலத்தில் இங்கிலாந்துக் கம்பளியும் இத்தாலிய வணிகர்களும் வந்து குவிந்த பெருஞ்சந்தை. கடலுக்குப் போகும் ஸ்வின் கழி மணல்மேடிட, வியாபாரம் ஆண்ட்வெர்ப்புக்குப் போனது. இடித்துக் கட்டப் பணமில்லாததால் பழைய வீடுகள் பல தப்பின. 2000-இல் அவ்வூரின் பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இன்று அந்த ஊருக்கு அடையாளமே சந்தைத் திடலின் மணிக்கூண்டுதான். ராஜா வீடு அல்ல.

கோட்டாறு அப்படித் தூங்கவில்லை. கடை ஓடிக்கொண்டே இருந்ததால் கையில் காசு இருந்தது. காசு வந்தபோதெல்லாம் ஓட்டுக் கட்டடத்தை இடித்து ஷட்டர் போட்டார்கள். இங்கே கட்டடத்தைத் தேடி வருகிறவர் ஏமாந்துபோவார். மிச்சமிருப்பது வியாபாரம்தான். அதனால்தான் கம்போளத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. லாரி நுழைய இடமில்லை என்பது மெய். பகலில் லாரி வராமல் தடுங்கள், ஓடையைச் சரிசெய்யுங்கள். சந்தையைக் கிளப்பிவிட்டால் அப்புறம் கோட்டாறு என்று எதைச் சொல்வது?

இன்னொன்றும் அவசரம். பழைய மண்டிகளின் பரணில் பேரேடுகளும், மரக்காலும் நாழியும் இன்னும் கிடக்கலாம். அடுத்த வெள்ளையடிப்பில் அவை ஆக்கர்கடைக்குப் போய்விடும். கன்னியாகுமரியில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் அவற்றைக் கேட்டு வாங்கி, ஒரு அறையை ஒதுக்கலாம். இதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். கடை கடையாக ஏறி இறங்க ஒரு ஆள் போதும்.

டிசம்பரில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அப்படியே கம்போளத்துக்குள்ளும் ஒரு நடை போங்கள். விடியக்காலையிலேயே போய்விடுங்கள். வேலை மும்முரத்தில் குறுக்கே நின்றால் சுமட்டுக்காரர்கள் ஏசுவார்கள். நியாயமும் அவர்கள் பக்கம்தான்.