சீதோனின் சிப்பியும் வெம்பக்கோட்டைச் சங்கும்



விவிலிய காலத்து நகரங்களின் இடிபாடுகளுக்கு இந்த இதழில் கூடுதல் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். எரிகோ, நினிவே, பாபிலோன், தீரு, சீதோன் என்ற பெயர்களெல்லாம் நம் வட்டாரத்துக்குப் பழக்கமானவைதான். 1850களில் மிஷனரி ராக்லாந்து ஐயர் இந்தக் கரிசல் காட்டில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். 1858இல் சிவகாசியிலேயே காலமானார். அந்தத் தலைமுறையிலிருந்து சாட்சியாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் எரிகோவின் மதில் விழுந்த கதையைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதை தெரியும்.

எரிகோவை அறிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வெம்பக்கோட்டை மேட்டைத் தெரியும் என்ற கேள்வி இந்தப் பக்கங்களைத் தயாரிக்கும்போது என்னை விடாமல் துரத்தியது. அதனால் இந்த மாதம் தீருவையும் வைப்பாற்றையும் சேர்த்தே உங்களோடு பேசுகிறேன்.

லெபனான் கடற்கரையில் இருக்கும் தீருவும் சீதோனும் வேதாகமத்தில் திரும்பத் திரும்ப வரும் துறைமுகங்கள். எசேக்கியேல் புத்தகத்தின் 27ஆம் அதிகாரம் தீருவின் சந்தைச் சரக்குகளை வரிசையாகச் சொல்கிறது. வெள்ளி, இரும்பு, குதிரை, யானைத் தந்தம், கருங்காலி, சாயத் துணி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. கி.மு. 332இல் மாவீரன் அலெக்சாண்டர் கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டிப் பாதை போட்டு, தீவாக இருந்த தீருவைப் பிடித்தார். அரசர்கள் போனார்கள், கோட்டைகள் சரிந்தன. இந்த இரண்டு ஊர்க்காரர்களும் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்கு அழியாத சாட்சியாக நிற்பது ஒரு குப்பைமேடு. சீதோனில் கடல் நத்தை ஓடுகளே குவிந்து ஒரு குன்றாகிவிட்டன. அந்த நத்தையிலிருந்துதான் ராஜாக்கள் உடுத்திய ஊதாச் சாயத்தை எடுத்தார்கள். 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் பால் ஃபிரீட்லேண்டர் அதைச் செய்து பார்த்தபோது 12,000 நத்தைகளிலிருந்து அவருக்குக் கிடைத்தது வெறும் 1.4 கிராம் சாயம். ஓர் அரசனின் அங்கிக்குப் பின்னால் எத்தனை தொழிலாளர்களின் உழைப்பு இருந்திருக்கும் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிவகாசிக்குத் தெற்கே வெம்பக்கோட்டை. அதை ஒட்டிய விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் கரையில் மேட்டுக்காடு என்று ஊரார் சொல்லும் இடம் இருக்கிறது. சுமார் 25 ஏக்கர் பரப்பில் பரந்த தொல்மேடு. சுற்றிலும் பட்டாசுத் தொழிற்சாலைகள். 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கே முதல் கட்ட அகழாய்வைத் தொடங்கியது. 2023இல் இரண்டாம் கட்டம், 2024இல் மூன்றாம் கட்டம். பொன். பாஸ்கர் இயக்குநராக இருந்து நடத்திய இந்தப் பணியில் ஆயிரக்கணக்கான பொருட்கள் வெளிவந்தன. கல்லாயுதக் காலத்தை நினைவூட்டும் நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், தக்களிகள், சுடுமண் காதணிகள், ஆட்டக்காய்கள், சுடுமண் பொம்மைகள், தந்தத்தில் செய்த பதக்கம், சிறு பொன் அணிகள் என்று ஒரு ஊரின் முழு வாழ்க்கையே அந்தக் குழிகளில் கிடந்தது.

இவற்றில் என் மனதை அதிகம் கவர்ந்தவை சங்கு வளையல் துண்டுகள். முழு வளையல்கள் குறைவு. அறுத்ததும் உடைந்ததும், பாதியில் கைவிட்டதும்தான் ஏராளம். சங்கை எடுத்து, அதன் கூம்பு முனையை வெட்டி, உள்ளே முறுக்கிக்கொண்டு நிற்கும் தண்டைத் தட்டி எடுத்துவிட்டு, எஞ்சிய கூட்டைக் குறுக்கே வட்டம் வட்டமாக அறுப்பார்கள். பிறகு உள்ளும் புறமும் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கடைசித் தேய்ப்பில் உடைந்தாலும் அத்தனை நேர வேலையும் வீண். அப்படி வீணான துண்டுகள் ஓரிடத்தில் மிகுந்து கிடந்தால், அங்கே வளையல் அணிந்தவர்கள் மட்டுமல்ல, வளையல் செய்தவர்களும் இருந்திருக்கிறார்கள் என்று பொருள். வைப்பாறு மன்னார் வளைகுடாவில் போய்க் கலக்கும் ஆறு. அந்தக் கடல் சங்குக்குப் பெயர் போனது. கடல் சரக்கை உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, கைவேலை சேர்த்து, விலைபொருளாக்கி விற்ற ஊராக வெம்பக்கோட்டை கண்முன் எழுகிறது. தீருவும் சீதோனும் செய்த அதே வேலைதான்.

மூன்றாம் கட்டத்தில் கிடைத்த சூதுபவளக் கல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிறிய செந்நிறக் கல். அதில் திமில் தூக்கி நிற்கும் ஒரு காளையைச் செதுக்கியிருக்கிறார்கள். சூதுபவளம் இரும்புக் கத்திக்கு மசியாத கடினக் கல். குஜராத், மராட்டியப் பகுதிகள்தான் அதற்குப் பெயர் பெற்றவை. வடக்கேயிருந்து வந்த கல்லில், ஜல்லிக்கட்டு மண்ணுக்குச் சொந்தமான திமில் காளை! அதைச் செதுக்கியவர் உள்ளூர்க்காரரா, வெளியூர்க்காரரா என்பதை ஆய்வாளர்கள் சொல்லட்டும். அதை அணிந்தவர் இந்த மண்ணில் நடந்தவர் என்பதே எனக்கு நிறைவு தருகிறது.

எரிகோவுக்கும் நம் நாட்டுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1952 முதல் 1958 வரை எரிகோவைத் தோண்டியவர் கேத்லீன் கென்யான் அம்மையார். அவர் தொழில் கற்றுக்கொண்டது மார்ட்டிமர் வீலரிடம். அதே வீலர்தான் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்து, 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியவர். சதுரச் சதுரமாகக் குழி போட்டு, நடுவே வரப்பு விட்டு, மண்ணடுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கும் முறைக்கு இன்றும் இந்த இருவர் பெயர்தான். மேட்டுக்காட்டின் சதுரக் குழிகள் அந்த வழியில் வந்தவையே.

அடுக்கின் அருமையைக் கென்யான் எரிகோவில் காட்டினார். யோசுவா காலத்தில் விழுந்த அந்த மதில் என்று அவருக்கு முன் தோண்டியவர்கள் கருதிய சுவர், அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்று மண்ணடுக்கைப் படித்துச் சொன்னார். அதற்கும் வெகு ஆழத்தில் சுமார் 10,000 ஆண்டுப் பழமையுள்ள கல் கோபுரத்தை வெளிக்கொணர்ந்தார். மண் கலையாமல் இருந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. கலைந்த மண்ணில் கிடைக்கும் பொருள் அழகாக இருக்கும். ஆனால் அதன் காலம் என்ன, யாரோடு இருந்தது, எதற்கு மேல் எதற்குக் கீழ் கிடந்தது என்று எதுவும் சொல்லாது. பக்கங்கள் கிழிந்து கலைந்துபோன புத்தகம் மாதிரி.

பெரிய நகரங்களே இப்படிப் பறிபோயிருக்கின்றன. பாபிலோனின் செங்கற்களைப் பல தலைமுறைகளாகப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஊர்களில் வீடு கட்டினார்கள். நினிவேயின் மாஷ்கி வாயில் 2016இல் நம் கண்ணெதிரே தீவிரவாதிகளால் இடித்துத் தள்ளப்பட்டது. நம் பக்கம் அப்படி ஆயுதம் தாங்கி யாரும் வருவதில்லை. வீட்டுமனைக்கு மண் நிரப்ப, செங்கல் சூளைக்கு மண் எடுக்க ஒரு டிராக்டரும் ஒரு ஜேசிபியும் வந்தால் போதும். ஒரே ராத்திரியில் இரண்டாயிரம் வருஷம் லாரி ஏறிப் போய்விடும்.

நம் மாவட்டம் கையால் வாழும் மாவட்டம். நூறு வருஷத்துக்கு முன் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து, தீக்குச்சி அடுக்கும் கை, திரி கட்டும் கை, அச்சகத்தில் காகிதம் அடுக்கும் கை என்று சிவகாசி தன் கைகளை நம்பியே எழுந்தது. சங்கு அறுத்த அந்தப் பழைய கைகளை மதிக்க நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்? அரண்மனையும் கிரீடமும் கிடைக்கவில்லையே என்று யாரும் குறைபட வேண்டாம். பழைய நகரம் என்றால் உழைப்பாளிகளின் நகரம். தீருவும் அப்படித்தான், வெம்பக்கோட்டையும் அப்படித்தான்.

வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் ஊர் மேட்டிலும் கண்மாய்க் கரையிலும் மழைக்குப் பிறகு கருப்பு சிவப்பு ஓடு, மணி, சங்குத் துண்டு தென்பட்டால் தோண்டாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமே சொல்கிறது. பஞ்சாயத்துத் தலைவர்களே, தொல்மேடு என்று சந்தேகம் வந்தால் மண் எடுக்க விடாதீர்கள். ஆசிரியர்களே, பள்ளிச் சுற்றுலா என்றால் கன்னியாகுமரி, கொடைக்கானலோடு வெம்பக்கோட்டையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளி நடத்தும் அண்ணன்களும் அக்காக்களும் எரிகோவின் கதையைச் சொல்லிவிட்டு, வைப்பாற்றங்கரையின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் மேட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்கு எழுதுங்கள். தகுதியான குறிப்புகளை வரும் இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்