வக்கீல் இல்லாத கோர்ட்டில் யார் ஜெயிப்பது?

ஹாலிவுட் படம் பார்க்கும் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம் அது. போலீஸ்காரர் கையில் விலங்கை மாட்டிக்கொண்டே சொல்வார்: பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் அரசாங்கமே ஒருவரை வைத்துத் தரும். மாநிலக் கோர்ட்டுகளில் கிரிமினல் வழக்கில் மாட்டும் ஏழைக்கும் இலவச வக்கீல் உண்டு என்று நிலைநாட்டியது, 1963-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கிடியன் வழக்கில் கொடுத்த தீர்ப்பு.

ஆனால் அதே அமெரிக்காவில், நாட்டை விட்டே அனுப்பப்படப் போகிறவருக்கு இந்த வசனம் கிடையாது. நாடுகடத்தல் என்பது தண்டனையே அல்ல என்று 1893-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அது வெறும் சிவில் விவகாரம். குடியேற்றச் சட்டமோ, வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசாங்கச் செலவில் அல்ல என்கிறது.

தண்டனை இல்லையாம்! விலங்கு உண்டு, பூட்டிய அறை உண்டு, பெண்டாட்டி பிள்ளையைப் பிரிவது உண்டு. வக்கீல் மட்டும் இல்லை. எதிரே அரசாங்கச் சம்பளம் வாங்கும் வக்கீல் நிற்கிறார். நடுவில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிகூட சுதந்திரமான நீதிமன்றத்தைச் சேர்ந்தவர் அல்ல, மத்திய நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர். இந்த இருவருக்கும் முன்னால், ஆங்கிலமே சரியாக வராத ஒருவர் தனியாக நின்று வாதாட வேண்டும்.

இந்த ஓட்டையை ஒரு நகரம் அடைக்க முயன்றது. 2013-ல் நியூயார்க் நகர சபை 5 லட்சம் டாலர் ஒதுக்கி, வாரிக் தெருவில் உள்ள குடியேற்றக் கோர்ட்டில், காவலில் இருக்கும் ஏழைகளுக்கு இலவச வக்கீல் தரும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. ஏழைகளுக்காக கிரிமினல் வழக்குகளை நடத்திப் பழகிய பிராங்க்ஸ் டிஃபெண்டர்ஸ், புரூக்ளின் டிஃபெண்டர் சர்வீசஸ் ஆகிய அமைப்புகள் வழக்குகளை எடுத்தன. அடுத்த வருடமே நிதி பல மடங்கு உயர்ந்து, லீகல் எய்ட் சொசைட்டியும் சேர்ந்தது.

பலன் என்ன? வீரா இன்ஸ்டிட்யூட் 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. திட்டத்துக்கு முன்பு அந்தக் கோர்ட்டில் வக்கீல் இல்லாதவர்களில் ஜெயித்தது 100-க்கு 4 பேர். திட்டத்தின் வக்கீல்கள் வந்தபின் 100-க்கு 48 பேர் ஜெயிப்பார்கள் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சட்டம் மாறவில்லை, கோர்ட் மாறவில்லை. தங்கும் உரிமை சட்டத்திலேயே இருந்தும், அதை எடுத்துச் சொல்லத் தெரியாமல் விமானம் ஏறியவர்கள் முன்பு எத்தனை பேர்? உதாரணத்துக்கு ஒரு விதி: விசா இல்லாதவரும் 10 வருடம் தொடர்ந்து வசித்து, நன்னடத்தையோடு இருந்து, தான் போனால் அமெரிக்கப் பிரஜையான குழந்தைக்கு மிக அசாதாரணமான கஷ்டம் வரும் என்று நிரூபித்தால் தங்க அனுமதி கேட்கலாம். பள்ளிச் சான்று, டாக்டர் கடிதம், வரி ரசீது எல்லாம் வேண்டும். பூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு இதையெல்லாம் எப்படிச் சேகரிப்பது?

சட்டத்தை ஏமாற்றத்தான் வக்கீல் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வக்கீல் இருந்தும் பாதிக்கு மேல் ஜெயிக்கவில்லை. வக்கீல் கேஸை உருவாக்குவதில்லை, இருக்கிற கேஸை வெளியே கொண்டுவருகிறார், அவ்வளவுதான்.

உண்மையான சண்டை வேறு இடத்தில் வந்தது. 2017-ல் மேயர் பில் டி பிளாசியோ, சுமார் 170 வகைக் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களுக்கு நகரப் பணத்தில் வக்கீல் கூடாது என்றார். நகர சபை எதிர்த்தது. கடைசியில் பெயர் சொல்லாத ஒருவர் தந்த இரண்டரை லட்சம் டாலர் நன்கொடையால் சண்டை தற்காலிகமாக ஓய்ந்தது.

மேயரின் வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உழைத்துச் சம்பாதித்தவன் கட்டிய வரி, குற்றவாளியைக் காப்பாற்றவா என்று யாருக்கும் கோபம் வரும். ஆனால் அந்தக் குற்றத்துக்கான தண்டனை முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. இப்போது கேள்வி வேறு: இவரை அனுப்பச் சட்டம் இடம் தருகிறதா, இல்லையா? கிரிமினல் கோர்ட்டில் கொலைக்குற்றம் சாட்டப்பட்டவருக்கே இலவச வக்கீல் உண்டு. நல்லவனுக்கு மட்டும்தான் வக்கீல் என்றால், அவன் நல்லவன் என்பதை வக்கீல் இல்லாமலே தீர்மானிப்பது யார்?

செலவு விஷயத்துக்கு வருவோம். அப்பா போய்விட்டால் பிள்ளைகள் ஊரிலேயேதான் இருப்பார்கள். வாடகை நிற்கும், சாப்பாடு நிற்கும். அந்தச் சுமை வாஷிங்டன் தலையில் மட்டும் விழாது, நகரத்தின் தலையிலும் விழும். நாடுகடத்தக் கோரும் வக்கீலுக்குச் சம்பளமும் இதே மக்களின் வரிதான். ஒரு பக்கத்துக்கு மட்டும் செலவழித்து நடத்தினால் அதற்குப் பெயர் விசாரணையா?

நகரத்தின் திட்டத்துக்கு எல்லை உண்டு. பிடிபட்டவரை லூசியானாவுக்கோ டெக்சாஸுக்கோ கொண்டுபோய்விட்டால் நியூயார்க் வக்கீலின் கை எட்டுவது கஷ்டம். நாடு முழுவதுக்குமான உரிமையை நாடாளுமன்றம்தான் தர முடியும். அதுவரைக்கும் ஒவ்வொரு நகரமும் தன் ஊர்க்காரருக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலை நிறுத்தட்டும். தோற்பவரும் தன் கதையை முழுதாகச் சொல்லிவிட்டுத் தோற்கட்டும்.