'பெரியம்மா'வை அடித்துவிட்டு 'ஆண்ட்டி' என்று எழுதலாமா?

தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் போதிக்கும் ஆசிரிய நண்பர்களே,

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். தாயை இழந்த அவளை வளர்ப்பவர் பெரியம்மா. 'மை பெரியம்மா' என்று ஆறு இடங்களில் எழுதியிருந்தாள். ஆறையும் சிவப்பு மையால் அடித்து, 'ஆண்ட்டி' என்று திருத்தினேன்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தவள் மெல்ல என் மேசைக்கு வந்தாள். "ஐயா, கேண்டீன்ல இருக்கறவங்களையும் ஆண்ட்டின்னுதானே கூப்பிடுறோம்?" என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை.

பெரியம்மா என்னும் சொல்லுக்குள் அம்மா இருக்கிறார். அவரைத்தான் நான் ஆறு முறை அடித்திருக்கிறேன்!

உறவுமுறைச் சொற்களைக் கற்பிக்கும்போது நாம் கரும்பலகையில் என்ன எழுதுகிறோம்? பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவருக்கும் 'அங்கிள்'. பெரியம்மா, சித்தி, அத்தை மூவருக்கும் 'ஆண்ட்டி'. பெரியப்பா மகன் தமிழர்க்கு உடன்பிறந்த அண்ணனுக்கு ஒப்பானவன்; அத்தை மகனோ மணமுறை உள்ளவன். இருவரையும் 'கசின்' என்னும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். ஆங்கிலேயர்க்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. அது அவர்கள் வழக்கம். நமக்குத் தேவைப்படுகிறதே!

விழாக்களின் நிலையும் இதுதான். 2017ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய மொழித் தரவரிசையை ஒட்டிய ஆங்கிலப் பாடத்திட்டம் தொடக்கப்பள்ளிகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியப் பதிப்பகங்களின் நூல்களும் வகுப்பறைக்குள் வந்தன. மெழுகுவத்தி, கேக், பிறந்தநாள் விருந்து பற்றிய சொற்களை நம் பிள்ளைகள் தாராளமாகக் கற்கட்டும். ஆனால், தாலியையும் தாய்மாமன் சீரையும் எழுத வேண்டிய இடத்தில் அவர்கள் பேனா ஏன் நின்றுவிடுகிறது? அவை ஆங்கிலக் கட்டுரைக்குள் வரக்கூடாதவை என்று நாம்தான் பழக்கிவிட்டோம்.

இந்நாட்டு ஆங்கில நாளேடுகளைப் பாருங்கள். 'ஹரி ராயா', 'கெத்துப்பாட்', 'அங்பாவ்' எல்லாம் அப்படியே அச்சேறுகின்றன. எவரும் கூச்சப்படுவதில்லை. நம் முறுக்கைக்கூட மூவினத்தாரும் முறுக்கு என்றே சொல்கின்றனர். 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, மூத்த சகோதரன் என்னும் பொருளில் 'அண்ணா'வையே ஏற்றுக்கொண்டது. அகராதி வரவேற்கும் சொல்லை நாம் ஏன் அடிக்க வேண்டும்?

"மதிப்பெண் போய்விடுமே!" என்பர் சிலர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அந்த அச்சம் மட்டும் அகலவில்லை. "படிப்பவர்க்குப் புரியாதே!" என்பர் வேறு சிலர். இது நியாயமான கேள்வி. அதற்கு வழி அடிப்பதன்று, விளக்கச் சொல்வது. 'மை பெரியம்மா, மை மதர்ஸ் எல்டர் சிஸ்டர்' என்று எழுதப் பழக்கினால் பிள்ளைக்கு ஆங்கிலமும் கூடுதலாக வரும், உறவும் நிலைக்கும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கற்பித்துத்தான் சோறு உண்கிறேன். நம் வீட்டை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்த பிள்ளை வேண்டும் என்கிறேன். ஆங்கிலம் கற்றதால் தன் வீட்டாரையே பெயர் மாற்றி அழைக்கும் பிள்ளை வேண்டா.

மறுநாள் அந்த மாணவியின் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். என் திருத்தங்கள் ஆறையும் நானே அடித்து, 'பெரியம்மா' என்று மீண்டும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

உங்கள் மேசையிலும் திருத்த வேண்டிய புத்தகங்கள் இருக்கும். சிவப்புப் பேனாவை எடுக்குமுன் சற்றே சிந்தியுங்கள், நண்பர்களே!