பெஞ்சைப் பிளந்த சட்டம்!

கல்லூரி மாணவன் ஒருவன் குற்றவாளிக் கூண்டிலே நிற்க வேண்டுமானால், அவன் என்ன செய்திருக்க வேண்டும்? களவாடியிருக்க வேண்டும், ஆசிரியரைத் தாக்கியிருக்க வேண்டும், வினாத்தாளை விலைகொடுத்து வாங்கியிருக்க வேண்டும் என்பீர்கள். இல்லை, தோழர்களே, இல்லை! பக்கத்திலே உட்கார்ந்தால் போதும்!

அமெரிக்க நாட்டின் கெண்டக்கி மாநிலத்திலே 1904-ஆம் ஆண்டு அப்படி ஒரு சட்டம் பிறந்தது. கறுப்பு மாணவனும் வெள்ளை மாணவனும் ஒரே பள்ளியில் பயிலக் கூடாது. பயிற்றுவிக்கும் கல்லூரிக்கு 1000 டாலர் தண்டம். பாடம் சொல்லும் ஆசிரியருக்கும் 1000 டாலர். பாடம் கேட்கும் மாணவனுக்கோ, அவன் வந்துபோகும் ஒவ்வொரு நாளுக்கும் 50 டாலர்! கள்ளச் சாராயம் காய்ச்சியவனுக்கல்ல, இலக்கணம் கற்கச் சென்றவனுக்கு!

சட்டமன்றத்தில் இதனைக் கொண்டுவந்தவர் பெயர் கார்ல் டே. ஆகவே, ‘டே சட்டம்’ என்று வரலாறு அதனை அழைக்கிறது. நம் செவிக்கு எவ்வளவு பொருத்தமாக ஒலிக்கிறது பார்த்தீர்களா! மனிதனை மனிதன் ‘டே’ என்று அதட்டும் ஆணவம், அங்கே சட்டப் புத்தகத்திலேயே ஏறிக்கொண்டது.

மாநிலம் முழுவதற்கும் என்று எழுதப்பட்ட இந்தச் சட்டம் குறிவைத்தது ஒரே ஒரு கல்லூரியை. ஆப்பலாச்சிய மலையடிவாரத்திலே பெரீயா என்னும் சிற்றூர். அங்கே, கலையும் அறிவியலும் கற்பிக்கும் சிறு கல்லூரி. 1855-இல் அதற்கு வித்திட்டவர் ஜான் கிரெக் ஃபீ. அடிமைகளை உடைமையாக வைத்திருந்த தந்தைக்குப் பிறந்த மகன்! ‘அடிமை முறை அநீதி’ என்றதற்காகச் சொத்துரிமையை இழந்தவர். 1859-இல் படைக்கலம் ஏந்திய கூட்டம் அவரையும் அவருடைய தோழர்களையும் மாநிலத்தை விட்டே துரத்திற்று. உள்நாட்டுப் போர் ஓய்ந்ததும் திரும்பி வந்தனர். மறுபடி பள்ளியைத் திறந்தனர். 1866-இல் கறுப்புப் பிள்ளைகள் உள்ளே நுழைந்தபோது, வெள்ளைப் பிள்ளைகள் பலர் எழுந்து வெளியேறினர். ஃபீ அசையவில்லை. ‘போகிறவர்கள் போகட்டும், கதவு மூடாது’ என்னும் உறுதியோடு நின்றார். அந்தக் கல்வியாண்டில் மாணவர் தொகை 187. அவர்களில் கறுப்பர் 96, வெள்ளையர் 91.

எண்ணிப் பாருங்கள்! நேற்றுவரை ஏலத்தில் விற்கப்பட்டவளின் மகனும், ஏலம் கேட்டவனின் ஊர்க்காரன் மகனும் ஒரே பலகையில்! ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில்! 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே ஜூலியா பிரிட்டன் என்ற கறுப்புப் பெண், வெள்ளை மாணவருக்கு இசை கற்பித்தார். இரு நிற இளைஞரும் காதல் கொண்டு பழகுவதைக்கூட, 1872-இல் அறங்காவலர் குழு அடியோடு தடை செய்ய மறுத்தது.

‘எல்லா மக்களும் ஒரே குருதி’ என்ற பொருளுடைய விவிலிய வரி ஒன்றே அந்தக் கல்லூரியின் குறிக்கோள்மொழி. ‘பார்த்தீரா, மதம் செய்த நன்மையை!’ என்று யாரேனும் துள்ளிக் குதிக்க வேண்டா. அதே நூலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அடிமைச் சந்தைக்கும் நியாயம் பேசினார்கள். ஃபீயின் நெஞ்சிலே மனிதநேயம் இருந்தது. ஆகவே அவர் கண்ணுக்கு அந்த வரி தெரிந்தது. அடுத்தவன் நெஞ்சிலே சாட்டை இருந்தது. அவன் வேறு வரியைக் கண்டெடுத்தான்.

இனி, டே சட்டத்துக்கு வக்காலத்து வாங்கியவர்களின் வாதத்தைப் பார்ப்போம். ‘கறுப்பனுக்குக் கல்வி வேண்டா என்றோமா? தனியாகப் படிக்கட்டும் என்றுதானே சொல்கிறோம்?’ தேன் தடவிய நஞ்சு இது. தனியாக அமர்த்துவதிலே கேடில்லை என்றால், சேர்ந்து அமர்வதைக் கண்டு ஏன் நடுங்க வேண்டும்? பாடநூலுக்கு அவர்கள் அஞ்சவில்லை, பந்திக்கு அஞ்சினார்கள். ஒரே மேசையில் உண்டவன், ஒரே விளக்கில் படித்தவன், தேர்வுக்கு முன்னாள் இரவு ஒருவனிடமே ஐயம் கேட்டுத் தெளிந்தவன், நாளைக்கு அவனை இழிபிறவி என்று எப்படி நம்புவான்? உயர்வு தாழ்வு என்னும் பொய் உயிர்வாழத் தூரம் வேண்டும். அந்தத் தூரத்தையும் அளந்தே எழுதினார்கள்: கறுப்பருக்குக் கிளை திறப்பதானால், 25 மைலுக்கு அப்பால்!

கல்லூரி வழக்காடிற்று. மாநிலத்தின் மேல்முறையீட்டு மன்றம், ‘25 மைல் என்பது சற்று மிகை’ என்று அந்தப் பகுதியை மட்டும் அடித்தது. ஆகா, என்னே நடுவுநிலைமை! கழுத்தை அறுக்கலாம், கத்தி மட்டும் இவ்வளவு நீளம் வேண்டா என்ற தீர்ப்பு!

வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு ஏறியது. 1908-இல் தீர்ப்பு. அங்கே நீதிபதிகள் செய்த சாமர்த்தியம் இருக்கிறதே! ‘மனிதர் சேர்ந்து கற்பதை அரசு தடுக்கலாமா?’ என்பது வினா. அந்த வினாவைத் தொடவே இல்லை. ‘கல்லூரி என்பது மாநிலம் பதிவு செய்து கொடுத்த அமைப்பு, கொடுத்த பட்டயத்தை மாநிலம் திருத்திக்கொள்ளலாம்’ என்றார்கள். மாணவன் மறைந்தான், பட்டயம் மட்டும் நின்றது. மாறுபட்டவர் இருவர். அவர்களுள் ஒருவர் ஜான் மார்ஷல் ஹார்லன். அவரும் கெண்டக்கிக்காரர், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். இன்று வகுப்பறையில் பிரிப்பீர்கள். நாளை வழிபாட்டுக் கூடத்திலும் சந்தையிலும் பிரிக்க என்ன தடை என்று கேட்டார். கேட்டவர் தோற்றார், சட்டம் வென்றது.

கறுப்பு மாணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினர். பிற கறுப்பர் கல்லூரிகளிலே தொடர்ந்து படிக்கப் பெரீயா உதவிற்று; 1912-இல் லிங்கன் கல்விக்கூடம் என்று அவர்களுக்காகத் தனியே ஒன்றும் எழுந்தது. கறுப்பர் வரலாற்றை ஆராய்ச்சித் துறையாகவே நிலைநாட்டிய கார்ட்டர் வுட்சன், பெரீயாவில் பட்டம் பெற்றது 1903-இல். ஓராண்டு பிந்தியிருந்தால், அவருடைய கல்விக்கும் நாளொன்றுக்கு 50 டாலர் தண்டம்!

இவ்வளவும் சொல்லிவிட்டு, கல்லூரியை மட்டும் குற்றமற்ற குன்றாகக் காட்டினால் அது பகுத்தறிவாகாது. 1892-இல் தலைவராக வந்த வில்லியம் ஃபிராஸ்ட், மலைநாட்டு ஏழை வெள்ளையரைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஏழையைச் சேர்த்தது நன்று. ஆனால் அந்த வேகத்திலே கறுப்பரின் பங்கு பாதியிலிருந்து சரிந்து சரிந்து சிறுபான்மையாயிற்று. காதல் பற்றிய பழைய தாராளமும் கைவிடப்பட்டது. முதுமையிலே ஃபீ இதனைக் கண்டித்தார், 1901-இல் மறைந்தார். சட்டம் வந்து வெட்டுமுன்பே கிளை வாடத் தொடங்கியிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பகைவன் இடிக்கிறான், நண்பனோ நன்கொடையாளர் முகம் சுளிப்பாரே என்று செங்கல்லைத் தானே மெல்ல உருவுகிறான்.

ஆயினும் ஒன்றை அந்தக் கல்லூரி விடவில்லை, உழைப்பு. 1892 முதல் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. இன்று ஏறத்தாழ 1,500 மாணவர்; வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். தறியில் நெய்கிறான் ஒருவன். துடைப்பம் கட்டுகிறாள் ஒருத்தி. பண்ணையிலும், நூலகத்திலும், கல்லூரியின் ஓட்டலிலும் மற்றவர்கள். பாடத்துக்கு மதிப்பெண் உண்டு. வேலைக்கும் மதிப்பீடு உண்டு.

‘ஏழைப் பிள்ளையை வேலை வாங்குவதா கல்வி?’ என்று சிலர் மூக்கைச் சிந்துகிறார்கள். வேறு கல்லூரிகளிலே நடப்பதைப் பாருங்கள். செல்வன் மகன் உண்டு எழுகிறான். படிப்புச் செலவுக்காக ஏழை மகன் அந்தத் தட்டைக் கழுவுகிறான். இருவரும் அதே வகுப்புக்குச் செல்கிறார்கள். ஆனால் யார் தட்டு, யார் கை என்பது இருவருக்கும் தெரியும். பெரீயாவிலே கழுவாத கை இல்லை. எல்லார் கையிலும் துடைப்பம் இருக்குமானால், துடைப்பம் யாருடைய பிறவி அடையாளமும் ஆகாது. இந்தச் சிறு உண்மையைக் கண்டுதான், கையழுக்குப் படாத அறிவே அறிவு என்று ஏமாற்றிப் பிழைப்போர் எரிச்சல் கொள்கின்றனர்.

1950-இல் டே சட்டம் தளர்த்தப்பட்டது. உடனே கதவைத் திறந்தது பெரீயா. ஆனால், 1904-இல் பதினெட்டு வயதில் பெட்டியோடு வெளியேறியவனுக்கு, அப்போது வயது 64! அவனுக்குரிய பெஞ்சை அவனுக்கு யார் திருப்பிக் கொடுத்தார்?

1965 மார்ச்சில், வாக்குரிமை கேட்டு அலபாமாவின் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு மக்கள் நடந்தபோது, பெரீயா மாணவரும் ஆசிரியருமாகச் சிலர், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து, தாமும் செல்ல வேண்டும் என்றனர். கல்லூரியின் பெயரால் செல்வதற்குத் தலைவர் ஒப்புதல் தரவில்லை. அவர்கள் சென்றார்கள்.