செல்போனில் பள்ளிக்கூடம், பக்கத்தில் யார்?

பள்ளிக்கூடத்தின் கதவு பூட்டியிருக்கும். பாடம் மட்டும் போனில் நடக்கும். 2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்றின்போது வந்த இந்த ஏற்பாடு, தொற்றோடு தொலைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டிருப்போர் உண்டு. தொலையவில்லை. 2024 நவம்பரில் தில்லி மாநகரின் காற்று நஞ்சானபோது, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும், பாடம் இணையவழியில் நடக்கட்டும் என்று அறிவித்தார்கள். நாளை வெள்ளம் வரலாம், வெயில் கொளுத்தலாம், இன்னொரு நோயும் வரலாம். "வகுப்புகள் ஆன்லைனில் நடைபெறும்" என்று ஒற்றை வரியில் ஓர் அறிவிப்பு வரும். அந்த ஒரு வரி தொழிலாளி வீட்டில் என்னென்ன செய்யும் என்பதை, ஆபத்து இல்லாத நாளிலேயே பேசிவைப்பது நல்லது.

கல்லூரி மாணவனைப் பற்றியோ பன்னிரண்டாம் வகுப்பு மாணவியைப் பற்றியோ நாம் இங்கே பேசவில்லை. அவர்களுக்குப் படிக்கத் தெரியும். போனில் வருவதைப் படித்துக்கொள்வார்கள். நாம் கேட்பது ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றி. படிக்கவே இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டிய குழந்தையிடம், "இதைப் படித்துத் தெரிந்துகொள்" என்று ஒரு திரையை நீட்டினால் அது என்ன செய்யும்? நீந்தத் தெரியாதவனிடம் ஆற்றுக்கு அக்கரையில் பள்ளிக்கூடம் என்று சொன்ன கதைதான்.

நம் எழுத்தையே பாருங்கள். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று, ஆக 247. இவற்றை வரிசையாக ஒப்பிப்பது வேறு, சொல்லில் கண்டு படிப்பது வேறு. "கொ" என்று எழுதியிருந்தால் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, பிறகு "க", அதற்கும் பிறகு துணைக்கால். கண் மூன்றைப் பார்க்க வேண்டும். வாய் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் குழந்தை திணறும். வகுப்பில் இருக்கும் ஆசிரியை அந்தத் திணறலைக் கண்டு, அருகில் வந்து, விரலைப் பிடித்து, கொம்பில் ஒருமுறை, காலில் ஒருமுறை வைத்துக் காட்டுவார். போனில் முப்பது பிள்ளைகள் முப்பது கட்டங்களில் இருப்பார்கள். இரைச்சல் வேண்டாமென்று எல்லோருடைய மைக்கும் அணைக்கப்பட்டிருக்கும். யார் திணறுகிறார் என்று யாருக்குத் தெரியும்? பல்லிக்கும் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு நாக்கு மடியும் இடத்தில் இருக்கிறது. மலிவுப் போனின் ஒலிபெருக்கியில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

கணக்கின் கதி இதைவிடக் கேடு. 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். அந்தத் தவறுக்குள் ஒரு முறை இருக்கிறது. இரண்டிலிருந்து ஏழு போகாது; ஆகவே பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று போட்டுவிடுகிறது; நான்கிலிருந்து ஒன்று போக மூன்று. ஒரு பத்தை உடைத்து ஒன்றுகளாக்க வேண்டும் என்பது அதற்குப் புரியவில்லை. விடையை மட்டும் பார்த்துத் தப்பு என்று சிவப்புக் கோடு போட்டால், அடுத்த கணக்கிலும் அதே தவறு வரும். குழந்தை எப்படிப் போட்டது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற ஒரு கண் வேண்டும். அந்தக் கண் திரைக்கு இல்லை.

இனி வீட்டைப் பார்ப்போம். லாரி செட்டில் சுமை தூக்கும் தோழரின் வீட்டில் இருப்பது ஒரே போன். காலை எட்டு மணிக்கு அது அவருடைய சட்டைப்பையில் ஏறிப் புறப்பட்டுவிடும். அது இல்லாவிட்டால் அன்றைய வேலைக்கு அழைப்பு வராது. வகுப்போ பத்து மணிக்கு. தாய் சித்தாளாகப் போயிருக்கிறார். இரவு எட்டு மணிக்குப் போன் வீடு திரும்பும்போது அதற்குள் அன்றைய பாடம் படங்களாகவும் ஒலியாகவும் குவிந்து கிடக்கும். டேட்டா தீர்ந்திருக்கும், பிள்ளை தூங்கிப்போயிருக்கும். வீட்டுப்பாடத்தை அக்காள் எழுதுவாள், தம்பி பெயரில் வாட்ஸ்அப்பில் படம் போகும், "மிக நன்று" என்று பதிலும் வரும்! தம்பி என்ன கற்றான் என்று மட்டும் கேட்கக்கூடாது.

இதே 2020இல் வசதி படைத்த வீடுகளிலும் பள்ளிக்கூடம் போனில்தான் நடந்தது. ஆனால் அங்கே பக்கத்தில் தாய் உட்கார்ந்திருந்தார். தந்தை வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். மாலையில் தனி டியூஷன். உண்மையில் அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொன்னது திரையல்ல, பக்கத்தில் இருந்த ஆள். நம் வீட்டில் திரையும் அரைகுறை, ஆளும் இல்லை.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளி 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தது. ஏறத்தாழ இருபது மாதம்! 1953இல் இராஜாஜி ஆட்சி, கிராமத் தொடக்கப்பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு போதும், மிச்ச நேரம் பிள்ளை வீட்டில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றபோது நாடு கொதித்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மக்கள் எதிர்த்தார்கள். காமராசர் முதல்வராக வந்த 1954லேயே அது கைவிடப்பட்டது. அரைநாள் பறிபோனதற்கே அன்று அத்தனை ஆர்ப்பாட்டம். 2020இல் முழுநாளும் பறிபோயிற்று. பறித்தது ஓர் ஆட்சியின் கொள்கை அல்ல, கொள்ளைநோய் என்பது உண்மை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையாகாது. ஆனாலும் விளைவு யார் தலையில் விடிந்தது என்று பார்த்தால் அதே குடிசைதான், அதே பிள்ளைதான்.

கணக்கு வேண்டுமென்போருக்குக் கணக்கும் இருக்கிறது. கார்த்திக் முரளீதரன் முதலிய பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில், 2019ஆம் ஆண்டில் அதே வயதிலிருந்த பிள்ளைகளைவிட இவர்கள் பெரிதும் பின்தங்கியிருந்தார்கள். அதிலும் கணக்கில் ஏற்பட்ட பின்னடைவு மொழியில் ஏற்பட்டதைப்போல ஏறத்தாழ இருமடங்கு. இந்தியக் கிராமப்புறம் முழுவதையும் பார்க்கும் ஏசர் ஆய்வோ, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர்கள் 2018இல் நூற்றுக்கு 27.3 பேர், 2022இல் 20.5 பேர் என்றது. 2024இல் அது 27.1 ஆயிற்று. அதாவது, ஏறி வந்தும் நிற்பது பழைய படியில்தான். அந்தப் பழைய படியிலேயே நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் படிக்கத் தெரியாதவர்கள். கொரோனாவின் மேல் பழி போட்டுவிட்டு யாரும் தப்பிவிட முடியாது.

ஆனால் அதே தமிழ்நாட்டு ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது அதைத்தான். பள்ளி திறந்து ஆறு மாதத்திற்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுக்கொண்டார்கள். அந்த மீட்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குக் காரணம், 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம். அது என்ன மாயமா? மாலையில், தெருவிலேயே, அந்த ஊர்த் தன்னார்வலர் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், இருபது பிள்ளைகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திண்ணை இருந்தது, கரும்பலகை இருந்தது, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். அவ்வளவுதான். போன் செய்ய முடியாததைத் திண்ணை செய்தது.

ஆகவே தோழர்களே, மறுபடி ஒருநாள் பள்ளிக்கூடம் போனுக்குள் போகுமானால், உங்கள் வீட்டில் அந்தப் பக்கத்து ஆள் நீங்கள்தான். "எனக்கே எழுத்து வாசனை கிடையாதே, நான் என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்று கேட்கிறவர் உண்டு. அவருக்கும் வேலை இருக்கிறது. பாடப்புத்தகத்தைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் வேண்டாம். பிள்ளையை விரல் வைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு சொல்லில் நீங்கள் விரல் வைத்து, இது என்ன என்று கேளுங்கள். அதே வடிவமுள்ள சொல் கீழே வேறொரு வரியில் இருக்கும். கண்ணால் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க எழுத்தறிவு தேவையில்லை. அங்கேயும் விரலை வையுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைச் சொன்னால் பிள்ளை படிக்கிறது. வேறு வேறாகச் சொன்னால் மனப்பாடத்தை ஒப்பிக்கிறது. எங்கே நிற்கிறது, எங்கே இழுக்கிறது என்பதை உங்கள் காதே சொல்லும். அந்தச் சொல்லை மறுநாள் ஆசிரியரிடமோ பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளையிடமோ காட்டுங்கள். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும். தலையில் குட்டுவது மட்டும் கூடாது. குட்டு வாங்கிய பிள்ளை உரக்கப் படிக்காது. உரக்கப் படிக்காத பிள்ளையின் தவறு வெளியே வராது.

கணக்குக்கு ஈர்க்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். நான்கு கட்டும் இரண்டு உதிரியும் 42. இதிலிருந்து 17ஐ எடு என்று சொல்லுங்கள். ஏழு உதிரி கிடைக்காமல் பிள்ளை விழிக்கும். சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். தானே ஒரு கட்டை அவிழ்க்கும் பாருங்கள்! அதன்பின் 35 என்று எழுதாது. மூட்டைக் கணக்கிலும் செங்கல் கணக்கிலும் மேஸ்திரியையே மடக்குகிற தோழர்கள் நம்மிடம் எத்தனை பேர்! அந்த வாய்க்கணக்கைப் பிள்ளையிடம் பேசுங்கள். கணக்கு ஆங்கிலப் பள்ளிக்காரனின் சொத்து என்ற எண்ணம் முதலில் நம் வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதால் அரசின் பொறுப்பைத் தொழிலாளியின் தோளில் ஏற்றுகிறோம் என்று பொருளல்ல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் படிப்பு என்று விதித்திருக்கிறது. மைக்கை அணைத்துவைத்து நடந்த மணிகளையும் அந்த எண்ணூறில் சேர்ப்பார்களா? சேர்க்கக்கூடாது என்பதே நம் வாதம். பள்ளியை மூடுகிற உத்தரவிலேயே, எந்த நாளில் ஈடுகட்டுவோம், எந்தத் தெருவில் எந்தத் தன்னார்வலர் உட்காருவார், போன் இல்லாத பிள்ளைக்கு அச்சிட்ட பாடத்தாள் எப்போது வீடு வந்து சேரும் என்பதும் இருக்க வேண்டும். 2020 ஜூனில் முதல் வகுப்பில் காலெடுத்து வைத்திருக்க வேண்டிய பிள்ளை, இடையில் நின்றுவிடாமல் போனால், 2030இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும். அன்றைக்கு வந்து தேர்ச்சி விழுக்காடு குறைந்ததற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நம் கிளைகளுக்கு ஒரு வேலை. படிப்பகம் என்ற பெயரில் தெருமுனையில் நிற்கும் கொட்டகைகளில் காலையில் பத்திரிகை படிக்கிறோம். மாலையில் பல இடங்களில் பூட்டுத் தொங்குகிறது. ஆறு மணியிலிருந்து ஏழரை வரை அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். இரண்டு பாய், ஒரு கரும்பலகை, ஒரு கட்டு ஈர்க்குச்சி, நேற்றைய பத்திரிகைகள். கொட்டை எழுத்துத் தலைப்பைவிட நல்ல வாசிப்புப் பாடம் வேறு தேடவேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி போதும், பத்துச் சின்னஞ்சிறுசுகளைப் படிக்க வைத்துவிடுவாள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் காவலுக்கு இருந்தால் சரி.

அடுத்த கிளைக் கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொரு தோழரும் ஒரு சிறு கணக்கோடு வரட்டும். உங்கள் தெருவில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எத்தனை பிள்ளைகள்? காலை பத்து மணிக்கு எத்தனை வீட்டில் போன் இருக்கும்? அதைவிட, எத்தனை வீட்டில் ஆள் இருப்பார்கள்?